சகுனத்துக்கு இங்கிலீஷ் தெரியாது

எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் வார்த்தைகள் மொத்தம் ஏழு. ஆல்ட், ஊ, கோஸ், தேர், பிரண்ட், பாஸ், டிஸ்மிஸ். ஏழையும் எட்டு வயதில், ஒரே வாரத்தில் கற்றுக்கொண்டேன். எட்டாவது வார்த்தைக்கு இத்தனை வருஷத்தில் அவசியம் வரவில்லை.

ஏழும் உத்தரவு போடுவதற்கும் உத்தரவுக்குப் பதில் சொல்வதற்கும் ஆன வார்த்தைகள். அதனால் அந்த வயதில் எனக்கு ஓர் எண்ணம் இருந்தது. இங்கிலீஷ் என்பது உத்தரவுக்கென்றே செய்த பாஷை, அதில் பசிக்கிறது என்றோ தூக்கம் வருகிறது என்றோ சொல்ல வழியே கிடையாது என்று நினைத்திருந்தேன். துரைமார்கள் வீட்டில் சோறு கேட்பதானாலும் முதலில் 'ஆல்ட்' என்று பெண்டாட்டியை நிறுத்திவைத்துத்தான் கேட்பார்கள் என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறேன். அவளுக்கு நாலு வயது. அவள் நம்பினாள்.

ஒல்லாந்துக்காரர்களிடம் இந்த உத்தரவுப் பழக்கம் இருந்ததாக எனக்கு நினைவில்லை. பழவேற்காட்டுக் கோட்டை என் முப்பாட்டன் காலத்திலிருந்து அவர்கள் கையில் இருந்தது. ஆனால் எனக்கு விவரம் தெரிந்தபோது அதில் சில வயதானவர்களே மிஞ்சியிருந்தார்கள். ஒருவர் சாயங்காலத்தில் கடற்காக்கைகளுக்கு ரொட்டி பிய்த்துப் போடுவார். இன்னொருவர் தினமும் விடிந்ததும் மதில்மேல் ஏறி ஏரியைப் பார்த்து என்னவோ கத்துவார். கோழியைக் கூப்பிடுகிறாரா, வேலைக்காரனைத் திட்டுகிறாரா, ஜெபம் சொல்கிறாரா என்று யாருக்கும் தெரியாது. நாங்களும் கேட்டுக்கொண்டதில்லை. அவருக்குக் கீழே எங்கள் தோணிகள் போகும், வரும்.

ஒரு நாள் கோட்டைக் கொடி மாறியது. சண்டை எதுவும் எங்கள் காதில் விழவில்லை. ஏரிக்கு வடக்கே இருந்த எங்கள் குப்பத்துக்கு மீன் வாங்க வந்த ஒரு அம்மாள், இறாலைக் கிளறிக்கொண்டே, "கோட்டையில இப்ப இங்கிலீஷ்காரனாம்" என்று சொன்னார். "அப்படியா" என்று அம்மா கூடையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். அவ்வளவுதான்.

கொஞ்ச நாள் கழித்துத் தண்டோராக்காரர் தோணியில் வந்து இறங்கினார். கரையில் எல்லோரையும் கூட்டிப் பறையைத் தட்டினார்.

"கோட்டைக்குக் கீழ போற தோணிங்க எல்லாம், மேலேந்து ஆல்ட்னு சத்தம் வந்தா நிக்கணும். சிப்பாயி கேக்கறதுக்கு பதில் சொல்லணும். நிக்காத தோணிய சுட்டுடுவாங்க."

"ஆல்ட்னா இன்னாய்யா?" என்று ஒருவர் கேட்டார்.

"நில்லுனு அர்த்தமாம்."

"நில்லுன்னே சொல்லிட்டு போறதுதானே?"

"அத்த நீ துரைய கேளு. நான் பறை தட்டறவன்" என்று சொல்லிவிட்டு அவர் கிளம்பிவிட்டார்.

மறுநாள் காலையில் நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் எங்கள் ஊர்ப் பழக்கம் இரண்டைச் சொல்லவேண்டும்.

முதலாவது பாடு. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இறால் கிடைக்காது. ஏரித் தண்ணீர் கடலுக்கு வடியும் முகத்துவாரத்தை ஒட்டிக் கழி நட்டு வலை கட்டினால் ஓட்டத்தோடு வரும் இறால் தானாக வந்து விழும். அந்த இடத்துக்கு எல்லோரும் அடித்துக்கொள்ளக்கூடாது என்பதற்காகப் பருவம் தொடங்கும்போது சீட்டுப் போடுவார்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஓர் ஓலை நறுக்கு. குடத்தில் போட்டுக் குலுக்கி, ஒரு சிறு பெண்ணை விட்டு எடுக்கச் சொல்வார்கள். எந்த நாள் எந்த வீட்டுக்கு வருகிறதோ அந்த நாள் நல்ல பாடு அந்த வீட்டுக்கு. மற்றவர்கள் சுற்றியுள்ள சாதாரண இடங்களில் கட்டிக்கொள்வார்கள். தன் நாளைத் தவறவிட்டவன் இன்னொருவன் நாளைக் கேட்கமுடியாது. அந்த வருஷம் குடத்தில் கைவிட்டது என் தங்கை. அமாவாசைக்கு மறுநாள் ஓட்டம் வேகமாக இருக்கும், இறால் கொட்டும். அந்த நாளுக்கு அவள் எடுத்தது எங்கள் நைனாவின் ஓலை. "கைக்குள்ள ஏற்கெனவே வெச்சிகினு வந்துச்சா இது?" என்று ஊரே அவளைக் கிண்டல் செய்தது.

இரண்டாவது, வலைக்குக் கிளம்புகிறவனைப் பார்த்து யார் போவது, எங்கே போகிறாய் என்று போக்கைப் பற்றி எதுவும் கேட்கக்கூடாது. கேட்டால் அன்றைய பாடு கெட்டது. கேள்வி காதில் விழுந்துவிட்டால் தோணியைத் திருப்பிக் கரைக்கு வரவேண்டும். மண்ணில் கால் வைத்து, ஒரு வாய் தண்ணீர் குடித்து, ஒரு வெற்றிலை மெல்லும் நேரம் உட்கார்ந்திருந்து, புதிதாகக் கிளம்பவேண்டும். நான் ரொம்பச் சின்னவனாக இருந்தபோது ஒரு தடவை, "எங்க போற நைனா?" என்று கேட்டேனாம். அம்மா பாய்ந்து வந்து என் வாயைப் பொத்திய வேகத்தில் ஒரு பால்பல் விழுந்துவிட்டதாம்.

அமாவாசைக்கு நாலு நாள் முன்னால், விடிந்ததும் எங்கள் ஊர்த் தோணிகள் பதினான்கும் வரிசையாகக் கோட்டைக்குக் கீழே போயின. மதில்மேல் சிவப்புச் சட்டை போட்ட சிப்பாய் ஒருவன் நின்றான்.

"ஆல்ட்!"

தண்டோராவில் சொன்னபடி எல்லாத் தோணிகளும் நின்றன. சிப்பாய் இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டு, ஏரி முழுக்கக் கேட்கும்படி நல்ல தமிழில் கத்தினான்:

"யாரு போறது? எங்க போறீங்க?"

பதினான்கு தோணிகளும் ஒரு வார்த்தை பேசாமல் திரும்பின.

கரைக்கு வந்தார்கள், தண்ணீர் குடித்தார்கள், வெற்றிலை மென்றார்கள், மறுபடி போனார்கள். மறுபடி அதே கேள்வி, மறுபடி திரும்பினார்கள். மூன்றாவது தடவை திரும்பி வந்தபோது வெயில் ஏறிவிட்டது, ஓட்டமும் நின்றுவிட்டது. அன்றைய நல்ல பாடு பக்கத்து வீட்டுக்காரருடையது. அவர் வலையைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குள் போய்ப் படுத்துவிட்டார்.

அம்மாதான் ரொம்பக் கொதித்தாள். "கட்டிகினு வந்து பத்து வருசம் ஆச்சு. ஒரு நாளு எங்க போறனு நான் கேட்டிருப்பனா? இவன் யாரு கேக்கறதுக்கு?"

பிள்ளைகளுக்கு அது பண்டிகை மாதிரி இருந்தது. அப்பாக்கள் எல்லோரும் பகலில் வீட்டில் இருந்தார்கள். நாங்கள் கரையில் மணலைக் குவித்து மதில் கட்டி, ஒருவன் மேலே ஏறி 'ஆல்ட்' என்று கத்த, மற்றவர்கள் நிற்கும் விளையாட்டைக் கண்டுபிடித்தோம். ஆட்டைப் பார்த்து ஆல்ட் என்றோம். சோற்றுப்பானையைத் தூக்கிக்கொண்டு போன சித்தியைப் பார்த்து ஆல்ட் என்றோம். சித்தி நிற்கவில்லை. கையில் இருந்த அகப்பையைத்தான் வீசினாள்.

எங்கள் மாமா, அதாவது அம்மாவின் தம்பி, எதற்கும் ஒரு வழி வைத்திருப்பார். அது பெரும்பாலும் கோணல் வழியாக இருக்கும். "கேட்டாதானே சகுனம்? காதுல விழலன்னா?" என்றார். மறுநாள் ஊரில் இருந்த பஞ்சையெல்லாம் வாங்கி ஆண்கள் காதில் அடைத்துக்கொண்டு போனார்கள். யோசனை நல்லதுதான். ஆனால் பஞ்சு வைத்த காதில் 'ஆல்ட்' என்பதும் விழாது என்பதை மாமா நினைத்துப் பார்க்கவில்லை. தோணிகள் நிற்காமல் போக, சிப்பாய் துப்பாக்கியை வானத்தைப் பார்த்துச் சுட்டான். அது மட்டும் எல்லோர் காதிலும் விழுந்தது. முதல் தோணியில் இருந்த மாமா ஏரியில் குதித்துவிட்டார். இடுப்பளவு தண்ணீர். அதில் முழுகமுடியாமல் உட்கார்ந்து தலையை மட்டும் வெளியே வைத்துக்கொண்டிருந்தாராம்.

அன்று மாலை ஊர்க்கூட்டம் போட்டார்கள். ஊர்ப் பெரியதனக்காரர் நடுவில் உட்கார்ந்தார். சுற்றி ஆண்கள், பின்னால் பெண்கள். நைனா ஓர் ஓரத்தில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். அதிகம் பேசாத மனிதர். எனக்கும் அந்தக் குணம்தான் வந்திருக்கிறது. இன்னும் நாலு நாளில் எங்கள் நாள். அது போனால் மறுசுற்றில் எங்கள் முறை வரும்போது ஓட்டம் செத்திருக்கும், பருவமும் முடிந்திருக்கும். நைனா தன் வலையின் ஒரு கண்ணை விரலால் நெருடிக்கொண்டே இருந்தார்.

கோட்டைக்குப் போய்த் துரையிடம் சொல்லலாம் என்றார் ஒருவர். "இன்னானு சொல்லுவ? எங்களை ஒண்ணும் கேக்காதீங்கனா? அவன் கேக்கறதுக்குத்தானே சிப்பாய நிக்க வெச்சிகீறான்?" என்று இன்னொருவர் அடக்கிவிட்டார். சகுனமாவது ஒன்றாவது, கேட்டால் பதில் சொல்லிவிட்டுப் போகலாமே என்று ஓர் இளைஞன் சொன்னான். பின்னாலிருந்து அவனுடைய அம்மா ஒரு வார்த்தை சொன்னாள். அதை இங்கே எழுதமுடியாது. அவன் உட்கார்ந்துவிட்டான்.

அப்போது மாமா எழுந்தார். காலையில் குதித்த வேட்டி இன்னும் சரியாகக் காயவில்லை.

"ஒண்ணு கேக்கறேன். ஒல்லாந்துக்காரன் தெனமும் காலையில மதில் மேல நின்னு நம்மள பார்த்து கத்துவானே, அது இன்னா?"

"யாருக்கு தெரியும்?"

"எங்க போறீங்கனு அவன் பாஷையில கேட்டிருந்தா?"

எல்லோரும் கோட்டைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். மாமா விடவில்லை.

"கேட்டிருக்கலாம் இல்ல? நம்ம அப்பன் காலத்துலேந்து கேட்டுகினே இருந்திருக்கலாம். மீனு வந்துச்சா இல்லியா? ஏன் வந்துச்சு? நமக்கு புரியல. புரியாத கேள்வி காக்கா கத்தற மாதிரி. இந்த சிப்பாயி தமிழ்ல கேக்கறதுதான் பேஜாரு. அவனை இங்கிலீஷ்லயே கேட்டுட்டு போவச் சொல்லுங்க. சகுனத்துக்கு இங்கிலீஷ் தெரியுமா?"

கூட்டம் அதைக் கொஞ்ச நேரம் மென்றது. பெரியதனக்காரர் வானத்தைப் பார்த்தார். பிறகு பெண்கள் பக்கம் திரும்பினார். "தெரியாது" என்று அங்கிருந்து அம்மாவின் குரல்தான் வந்தது. "அது நம்ம ஊர் சகுனம். அதுக்கு எப்படி தெரியும்?"

அதுவே தீர்ப்பாகிவிட்டது. கேள்விக்கு யார் பதில் சொல்வது என்று அடுத்த சிக்கல் வந்தது. வலைக்குப் போகிறவன் அந்தக் கேள்விக்கு வாய் திறக்கக்கூடாது. வலைக்குப் போகாத ஒரு பிள்ளையை முதல் தோணியில் வைத்துக்கொள்வது, அவன் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்வது என்று முடிவானது. பள்ளிக்கூடத்தில் மணலில் எழுத்துப் போடுகிறவன் என்பதால் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் போய்விட்டேன். பெரியவர்கள் என் பெயரைக் கேட்டால்கூடத் தங்கைதான் பதில் சொல்வாள். ஏரி முழுக்கக் கேட்கும்படி நான் எப்படிக் கத்துவது?

மறுநாள் மத்தியானம் மாமா என்னையும் ஒரு கூடை நண்டையும் தூக்கிக்கொண்டு கோட்டைக்குப் போனார். காவல் முடிந்த சிப்பாய் அகழிக்கரையில் உட்கார்ந்து சட்டையின் பித்தளைப் பொத்தான்களைப் புளி வைத்துத் தேய்த்துக்கொண்டிருந்தான். மதில்மேல் பார்க்கும்போது பூதம் மாதிரி இருந்தவன் கீழே பார்த்தால் மாமாவைவிடச் சின்னவன். முகமெல்லாம் கொசுக்கடி. வேலூர்ப் பக்கத்துக்காரனாம். நண்டைப் பார்த்ததும் அவன் முகம் மலர்ந்தது.

"நல்ல வேளைங்க. நீங்க வலை போடாம மேல துரைக்கு தட்டுல மீனே இல்ல. சமையக்காரன் என்னமோ நான் முழுங்கிட்ட மாதிரி என்னை முறைக்கிறான். ஏன்யா என்னைப் பார்த்ததும் எல்லாரும் திரும்பி ஓடறீங்க?"

மாமா சொன்னார். சிப்பாய் சட்டையைக் கீழே போட்டுவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டான்.

"அடப்பாவமே! எங்க ஊர்லயும் கேக்க மாட்டோம்ங்க. தூரமா கெளம்பிட்டீங்களானுதான் கேப்போம். இங்க உத்தரவாச்சேனு கேட்டேன்."

"உத்தரவுல தமிழ்லதான் கேக்கணும்னு கீதா?"

"இல்லிங்க. உத்தரவு முச்சூடும் இங்கிலீஷ்தான். உங்களுக்கு புரியாதேனு நானா சேர்த்து தமிழ்ல கேட்டேன்."

மாமா அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். "உன்னை யாருப்பா புரியவெக்க சொன்னது?"

பிறகு அவன் எனக்கு உத்தரவைச் சொல்லிக்கொடுத்தான். 'ஆல்ட்' என்றால் நில். 'ஊ கோஸ் தேர்' என்றால் யார் போவது. அதற்கு 'பிரண்ட்' என்று பதில் சொல்லவேண்டும். அப்படியென்றால் சிநேகிதன். சொல்லிவிட்டால் அவன் 'பாஸ், பிரண்ட்' என்பான். போகலாம் என்று அர்த்தம். "டிஸ்மிஸ்னா?" என்று நான் மெதுவாகக் கேட்டேன். சற்று முன் உள்ளே யாரோ அப்படிக் கத்தியது காதில் விழுந்திருந்தது. "அதான் இருக்கறதுலயே நல்ல வார்த்தை தம்பி. அதை சொன்னா துப்பாக்கிய வெச்சிட்டு சோறு திங்க போலாம்" என்றான் சிப்பாய். எவன் என்று தெரியாத ஆளைச் சிநேகிதன் என்று சொல்லும்படி உத்தரவு போடுகிறார்களே என்று மாமாவுக்கு ஆச்சரியம்.

அடுத்த இரண்டு நாளும் காலைக் காவல் வேறொரு சிப்பாய்க்கு. தெலுங்குக்காரன். அவனும் நல்லவன்தான், தெலுங்கில் சேர்த்துக் கேட்பான் என்றான் எங்கள் சிப்பாய். மாமா பெருமூச்சு விட்டார். தெலுங்கு எங்கள் ஊரில் பாதிப் பேர் பேசுவார்கள். சகுனத்துக்கும் தெரியும். அமாவாசைக்கு மறுநாள் காலையில் தான்தான் மதில்மேல் நிற்பேன், அதற்குள் அவனிடமும் சொல்லி வைக்கிறேன் என்று சிப்பாய் நண்டின்மேல் அடித்துச் சத்தியம் செய்தான். நைனாவின் நாளும் அதுதான்.

அந்த இரண்டு நாளும் ஒரு தோணியும் போகவில்லை. நான் கற்றதைப் பையன்களுக்குக் கற்றுக்கொடுத்தேன். என் வாழ்க்கையில் நான் யாருக்காவது எதையாவது கற்றுக்கொடுத்தது அந்த இரண்டு நாள்தான். எங்கள் மணல் மதில் பெரிதாகிக்கொண்டே போனது. ஊர் முழுக்க ஊ கோஸ் தேர் என்ற சத்தம்தான். தெருவில் தவழ்ந்துகொண்டிருந்த குழந்தைகூடப் 'பாஸ்' சொன்னால்தான் நகர்ந்தது. என் தங்கை யாரைப் பார்த்தாலும் பிரண்ட் பிரண்ட் என்றாள். பெரியவர்கள் அதை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. வலையில் கிழிசல் தைத்துக்கொண்டு, கழி சீவிக்கொண்டு, காது இல்லாதவர்கள் மாதிரி இருந்தார்கள். மாமா மட்டும் ஒரு தடவை அருகில் வந்து, "டேய், சொல்லு, விளையாடு. அர்த்தத்தை மட்டும் வீட்ல வந்து சொல்லாத" என்று காதில் சொல்லிவிட்டுப் போனார். நான் சொல்லவில்லை. நைனாவும் கேட்கவில்லை.

அந்தக் காலை வந்தது. அம்மா ஒன்றும் பேசாமல் தண்ணீர்க் கலயத்தைத் தோணியில் வைத்தாள். நைனா "வரேன்" என்றார். என்னைத் தோணியின் முன்னால் உட்காரவைத்தார்கள். நைனா எனக்குப் பின்னால் கோலோடு நின்றார், அவருக்குப் பின்னால் மாமா. எங்களுக்குப் பின்னால் மற்றப் பதின்மூன்று தோணிகள். ஓட்டம் நல்ல வேகத்தில் முகத்துவாரத்தைப் பார்த்து இழுத்துக்கொண்டிருந்தது. தண்ணீருக்குள் இறால் துள்ளுவது மணல் சிதறுகிற மாதிரித் தெரிந்தது.

மதில் பக்கத்தில் வந்தது.

"ஆல்ட்!"

நின்றோம். மேலே எங்கள் சிப்பாய்தான். ஆனால் அவன் பக்கத்தில், முகம் சிவந்த வெள்ளைக்காரர் ஒருவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார். பதினான்கு தோணிகளும் திரும்பி ஓடும் அதிசயத்தைப் பார்க்க வந்திருக்கவேண்டும்.

"ஊ கோஸ் தேர்?" என்று கத்தினான் சிப்பாய். கத்திவிட்டு, பழக்க தோஷம், இரண்டு கைகளையும் வாயைச் சுற்றிக் குவித்துக்கொண்டான்.

"எங்..."

அவ்வளவுதான் வந்தது. மீதியை அவன் விழுங்கிக்கொண்டான். ஆனால் வந்தது வந்துவிட்டது. அடுத்த கணம் எங்கள் தோணிகளில் இருமல் கிளம்பியது. முதலில் மாமா இருமினார். பிறகு பக்கத்துத் தோணி, அதற்குப் பின்னால் இருந்தது என்று ஊர் மொத்தமும் மார்பைப் பிடித்துக்கொண்டு இருமியது. பெரியதனக்காரர் தும்மவே செய்தார். மதில்மேல் இருந்த வெள்ளைக்காரர் இரண்டடி பின்னால் நகர்ந்தார்.

இருமல் ஓய்ந்தது. எல்லோரும் என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் வாயில் ஒரு வார்த்தையும் இல்லை. சிப்பாய் என்னைக் கெஞ்சுவது மாதிரிப் பார்த்தான். அவன் கையில் துப்பாக்கி இருந்தது, பக்கத்தில் துரை இருந்தார். ஓட்டம் எங்களை விட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தது. இன்னும் கொஞ்ச நேரம் இப்படியே நின்றால் நைனாவின் நாள் போய்விடும், என்னால் போனது என்று ஆகிவிடும் என்பது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

அப்போது நைனாவின் கால் கட்டைவிரல் என் முதுகில் மெதுவாக ஒரு குத்துக் குத்தியது.

"பிரண்ட்!" என்று கத்தினேன். அது என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம். கோட்டைச் சுவரில் மோதித் திரும்பி வந்தது.

"பாஸ், பிரண்ட்!" என்றான் சிப்பாய். அவன் சிரிப்பை அடக்குவது கீழிருந்தே தெரிந்தது.

கோல் ஊன்றும் சத்தம் கேட்டது. தோணி முன்னால் வழுக்கிப் போனது. மதில் நிழலைத் தாண்டி வெயிலுக்கு வந்ததும், பின்னாலிருந்து நைனா கேட்டார்.

"இன்னாடா சொன்னான் அவன்?"

யார் போவது என்று கேட்டான் என்று சொன்னால் தீர்ந்தது. அந்த நிமிஷமே தோணி திரும்பிவிடும். இத்தனையும் வீண்.

"நல்லபடியா போய்ட்டு வாங்கனு சொன்னாரு நைனா."

நைனா கோலை ஒரு தடவை ஊன்றி எடுத்தார். பிறகு, "நல்ல பையன்" என்றார். சிப்பாயைச் சொன்னாரா, என்னைச் சொன்னாரா என்று தெரியவில்லை. மாமாவுக்கு மறுபடி இருமல் வந்துவிட்டது.

அன்று விழுந்த இறாலைப் பற்றிச் சொன்னால் இப்போது யாரும் நம்பமாட்டார்கள். வலையைத் தூக்கமுடியாமல் மூன்று பேர் தண்ணீரில் இறங்கித் தோள் கொடுத்தார்கள். தோணியில் எனக்குக் கால் வைக்க இடமில்லை. மாமா என்னைக் கழுத்தில் உட்காரவைத்துக்கொண்டார். நாளைத் தவறவிட்ட பக்கத்து வீட்டுக்காரருக்கும் மற்ற நாலு வீட்டுக்காரர்களுக்கும் நைனா அள்ளி அள்ளிக் கொடுத்தார். திரும்பும் வழியில் மதிலடியில் ஒரு கூடை இறக்கிவைத்தோம். அன்றைக்குத் துரையின் தட்டில் இறால் இருந்திருக்கும். கரையில் தங்கை நின்றுகொண்டு பிரண்ட் பிரண்ட் என்று குதித்தாள்.

அன்று நான் மட்டும் வயிறாரச் சாப்பிடவில்லை. பாடுக்குப் போகும் தோணியில் உட்கார்ந்து நைனாவிடமே பொய் சொல்லியிருக்கிறேன். அது கேள்வியைவிடப் பெரிய சகுனக்கேடு இல்லையா? சாயங்காலம் யாருக்கும் தெரியாமல் அம்மன் கோயிலில் போய்க் குட்டிக்கொண்டு வந்தேன். அதற்குப் பிறகு என்றைக்காவது நைனாவின் வலை காலியாக வந்தால், அந்தப் பொய்தான் மெல்ல வேலை செய்கிறது என்று நினைத்துக்கொள்வேன். நைனாவிடம் சொல்லிவிடலாமா என்று எத்தனையோ தடவை அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்திருக்கிறேன். இன்னா என்பார். ஒன்றுமில்லை என்பேன்.

வேலூர்ச் சிப்பாய் அடுத்த மழைக்கு முன்னால் வேறெங்கோ போய்விட்டான். அவனுக்குப் பின் வந்தவர்களும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளும் அந்த வார்த்தைகளை மாற்றி மாற்றிக் கத்திக்கொண்டிருந்தார்கள். இப்போது கோட்டையே இல்லை. இங்கிலீஷ்காரர்களே வெடி வைத்துத் தகர்த்துவிட்டார்கள். அந்தச் செங்கல்லில் கொஞ்சம் எங்கள் வீட்டு அடுப்பில் இருக்கிறது.

நான் நைனாவை ஏமாற்றிவிட்டதாகத்தான் பல வருஷம் நினைத்திருந்தேன். எனக்கும் பிள்ளைகள் பிறந்து, நானும் அதே இடத்தில் கோல் ஊன்ற ஆரம்பித்த பிறகுதான் அந்தக் காலை வேறுமாதிரித் தெரிந்தது. ஆல்ட் என்றால் நில் என்பதைத் தண்டோராக்காரர் ஊருக்கே சொன்னார். பாஸ் என்றால் போ என்பதைப் பெரியவர்கள் யாருக்கும் நான் சொன்னதே இல்லை. ஆனால் அன்று சிப்பாய் பாஸ் என்ற உடனே நைனாவின் கோல் தண்ணீரில் இறங்கிவிட்டது. தோணி மூன்று கோல் தூரம் போன பிறகுதான், அவன் என்ன சொன்னான் என்று என்னைக் கேட்டார்.